சீவிய உரித்து

குழாய் திறக்கிற சத்தம் வரவில்லை. அடுப்படியில் நின்று ரோல்ஸைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த யோகராணிக்குக் காது முழுவதும் குளியலறைக் கதவில்தான் இருந்தது. கதவைச் சரியாகச் சாத்தவும் இல்லை அந்த மனிசன். பெய்கிற சத்தம் விட்டுவிட்டு, விட்டுவிட்டுக் கேட்டது. பிறகு தண்ணீர் இழுபட்ட இரைச்சல், பிறகு பெல்ட்டின் கிலுக்கு, பிறகு ஒரு செருமல். இப்போது திறப்பார், இப்போது திறப்பார் என்று கையில் ஒரு ரோல்ஸைப் பிடித்தபடியே நின்றாள். திறக்கவில்லை. கதவுதான் திறந்தது. புதிதாக வாங்கிப் போட்ட துவாய் மடிப்புக் குலையாமல் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் எட்டிப் பார்த்தாள். வெளியே வந்த மனிசன் அந்தக் கையாலேயே குளியலறைச் சுவரின் மூலையில் கறுத்துப் போயிருந்த இடத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். "பங்கஸ்" என்றார். பக்கத்தில் நின்ற குலசிங்கம், அவளுடைய புருஷன், "ஓமோம், அது வின்ரருக்கு மட்டுந்தான் வாறது" என்று பல்லைக் காட்டினார். முப்பத்தைந்து வருஷமாக அவள் பார்த்து வருகிற அந்தப் பல்வரிசை இன்றைக்கு ஏன் இப்படிக் குமட்டுகிறது? காலையில் ஒரு கிழவிக்கு ஊன்றுகோல் விற்கிற கடைக்காரன்கூட இவ்வளவு வளைய மாட்டான். வந்தவர் கனகேந்திரம், மகளுக்கு வரப்போகிற மாப்பிள்ளையின் தாய்மாமன், வீடு வாங்கி விற்கிற அலுவல் பார்க்கிற சொலிசிட்டர். சப்பாத்தை வாசலில் கழற்றியிருந்தார், அந்த மரியாதை உண்டு. ஆனால் ஈரக் காலுறை. சவுத் ஹரோவின் ஒக்டோபர் மழையை முழுக்க அந்தக் காலுறையில் கொண்டு வந்து, அறை அறையாக, அவள் விடியவே கூட்டித் துடைத்த நிலத்தில் ஒத்தி ஒத்தி வைத்துக்கொண்டு போனார். போன இடமெல்லாம் ஒரு அடிச்சுவடு. நாய்க்குட்டி வளர்த்தாலாவது அதட்டலாம்.

தட்டைக் கொண்டுபோய் நடு மேசையில் வைத்தாள். மாப்பிள்ளைப் பெடியன் நிரோஷன் சோபாவின் ஓரத்தில் குந்தியிருந்து போனை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளைதான், குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, குற்றம் சொல்லும்படி அவன் வாயையே திறக்கவில்லை. பக்கத்தில் ஆரணி. அவளுடைய ஒரே பிள்ளை, பார்மசிஸ்ட், தன் வருங்காலப் புருஷனைத் தானே பார்த்துத் தெரிந்தெடுத்தவள், இரண்டு வருஷம் சிநேகிதமாய்த் திரிந்தவள். காதல் கலியாணம் என்றால் சீதனப் பேச்சுக்கு இடமிராது என்று யோகராணி நினைத்திருந்தாள். எவ்வளவு பெரிய மடைச்சி. காதலை அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொள்ள, மிச்சத்தைப் பார்க்க மாமாவை அனுப்பிவிட்டார்கள். கனகேந்திரம் வந்து உட்கார்ந்தார், அந்தக் கையை நீட்டினார். தட்டில் அடியில் இருக்கிறதை எடுப்பதற்காக மேலே இருந்த மூன்றைப் புரட்டினார். புரட்டிய மூன்றும் இனி யாருக்கு? நான் தொடமாட்டேன், ஆரணியையும் தொடவிட மாட்டேன், குப்பையில்தான் போடவேண்டும், மூன்றல்ல, முழுத் தட்டையுமே. விடியற்காலை எழும்பி ஆட்டிறைச்சியை வேகவைத்து, உருளைக்கிழங்கை மசித்து, ஒவ்வொன்றாகச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டி. யார் கேட்டார்கள் அவளை? வீட்டை விலைபேச வருகிறவனுக்கு ரோல்ஸ் சுட்டுவைக்கிற பெண்பிள்ளை உலகத்தில் வேறெங்கும் இருப்பாளா? "அக்கா, நல்ல உறைப்பு" என்றார் கனகேந்திரம் வாய் நிறையப் போட்டுக்கொண்டு. உதட்டோரத்தில் ரஸ்க் தூள் ஒட்டியிருந்தது. "இன்னும் இருக்கு, எடுங்கோ" என்று சொன்னது யோகராணியேதான். சொன்ன வாயை அவளே பிடித்துத் திருகியிருப்பாள்.

"அண்ணை, விசயத்துக்கு வருவம்" என்றார் கனகேந்திரம். "ஃபிளாட் நல்லது. இடமும் நல்லது, ஸ்ரேஷன் கிட்ட. ஆனா லீஸ்தான் கட்டை. எழுவத்தெட்டு வருஷந்தானே கிடக்கு?" ஓம், எழுபத்தெட்டு. வாங்கும்போது நூறுக்குச் சொச்சம் கிடந்தது. வீடு உங்களுடையது, வீடு நிற்கிற நிலம் வேறு ஆருடையதோ, அவன் தந்த காலம் முடிந்தால் சுவரும் கூரையும் அவனுக்கே திரும்பிப் போகும் என்று அன்றைக்கு வாங்கித் தந்த வெள்ளைக்காரச் சொலிசிட்டர் பெண் சொல்லத்தான் செய்தாள். குலசிங்கம் வெளியில் வந்ததும் சிரித்தார். "நூறு வருஷம் எண்டா அறுதிதானேயப்பா. ஆர் பார்க்கப்போறான் நூறு வருஷம்?" அவளும் சிரித்தாள். அவர்களுக்கு நூறு வருஷம் என்பது தமாஷான எண்ணாகத்தான் இருந்தது. ஆண்டு அனுபவி என்று அறுதியாய் எழுதிக்கொடுத்த வீட்டில் அவள் இருந்தது நாலு வருஷம்; மயிலிட்டிப் பக்கம் அவளுடைய சீதன வீடு, ஒரு காலைக்குள் விட்டுவிட்டு ஓடியது, பிறகு ராணுவம் வேலி போட்டு, பிறகு இடித்து, வேலியை எடுத்தபோது கிணறு இருந்த இடம்கூடத் தெரியவில்லை என்று தங்கச்சி போய்ப் பார்த்துச் சொன்னாள். வீட்டு உறுதிக் கடதாசி மட்டும் பத்திரமாக இருக்கிறது, பிளாஸ்டிக் பையில், அலுமாரிக்கு மேலே, ஒரு பூச்சியும் அரிக்காமல். அப்படிப்பட்டவளுக்கு நூறு வருஷத்தைக் கொடுத்தால் சிரிக்காமல் என்ன செய்வாள்? நிலக்காரன் யாரென்று அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. ஆண்டுக்கொருதடவை ஏதோ ஒரு கொம்பனியிடமிருந்து நிலவாடகைக் கடிதம் வரும், பெயர் மூன்று முறை மாறிவிட்டது, முகமே இல்லாத ஒருத்தன் அவளுடைய காலுக்குக் கீழே படுத்துக்கொண்டு வருஷத்தை எண்ணிக்கொண்டிருக்கிறான்.

"எண்பதுக்குக் கீழ போனா நீட்டுறதுக்குக் காசு கூட" என்று கனகேந்திரம் விளங்கப்படுத்தினார். வாயைத் துடைக்கக் கடதாசித் துண்டு வைத்திருந்தாள். அவர் புறங்கையால் துடைத்தார். "நீட்டினா வீட்டின்ர பெறுமதி ஏறும் பாருங்கோ, அந்த ஏத்தத்தில நிலக்காரன் பங்கு கேப்பான். அதுக்கு வெள்ளைக்காரன் வைச்சிருக்கிற பேர் என்ன தெரியுமோ? மரியேஜ் வால்யூ! கலியாணப் பெறுமதி!" என்று சொல்லித் தன் தொடையிலேயே அடித்துச் சிரித்தார். குலசிங்கமும் சிரித்தார். நிரோஷனும் போனிலிருந்து தலையைத் தூக்கி, என்னவென்று தெரியாமலே சிரித்தான். ஆரணி சிரிக்கவில்லை என்று யோகராணிக்குச் சந்தோஷமாக இருந்தது, பிறகு பார்த்தால் அவள் பகிடி விளங்காமல் இருந்திருக்கிறாள், விளங்கியதும் அவளும் சிரித்தாள். எல்லாருக்கும் பின்னால் தனியாக, கொஞ்சம் கூடுதலாக. சபையில் உரித்துப் பார்க்கிறவன் கூசாமல் உரிக்க, உரிபடுகிறவர்கள் பகிடி நன்றாக இருக்கிறது என்று கைதட்டுகிற கூத்து இது. இந்தப் பேச்சுக்கு விதை போட்டதும் குலசிங்கந்தான். ஆரணி பல்லு விழுந்து பல்லு முளைக்கிற வயதில் இருந்தே, கோயில் மண்டபம், பிறந்தநாள் வீடு, செத்தவீடு என்று எங்கே நாலு பேரைக் கண்டாலும், "எங்கட ஃபிளாட் ஆரணியின்ர சீதனம்" என்பார். இவளுக்கும் அப்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும், பொய் சொல்லக்கூடாது. பெற்றோல் ஸ்ரேஷனில் இராவிராவாய் நின்று வாங்கிய இரண்டு அறையை அந்த ஒரு சொல் மாளிகையாக்கிவிடும். சொன்ன வாய் சொல்லிவிட்டுப் போய்விட்டது. கேட்ட காதுகள்தான் இப்போது காலுறையோடு வந்து நிற்கின்றன.

"நீட்டுறதுக்கு நாங்கள் ரெடி" என்றார் குலசிங்கம். "என்ர பென்சன் காசில ஒரு தொகை எடுக்கலாம். பிள்ளைக்குத்தானே." கேட்டவுடன் கனகேந்திரம் தன் தோல் பையைத் திறந்து கடதாசியை எடுத்தார். ஏற்கெனவே அடித்துக் கொண்டுவந்திருக்கிறார்! தனக்குத் தனக்கென்றால் சுளகு படக்குப் படக்கென்னும் என்று சும்மாவா சொன்னார்கள். நிலக்காரக் கொம்பனிக்குக் காலத்தை நீட்டித் தரச்சொல்லிக் கேட்கிற நோட்டீஸ் ஒன்று, இன்னும் தொண்ணூறு வருஷம் சேர்க்க. அது முடிந்த கையோடு ஃபிளாட்டை ஆரணியின் பேருக்கு மாற்ற ஒப்புக்கொள்கிற கடதாசி இன்னொன்று. "இரண்டு பேரும் கையெழுத்து வைக்கவேணும். அக்காவின்ர பேரும் கிடக்குத்தானே" என்றார். கடதாசியை நீட்டிய பெருவிரலில் பங்கஸின் கறுப்பு நகத்துக்குள் இன்னும் இருந்தது. யோகராணி வாங்கவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது என்று சொல்லிக்கொண்டே கோப்பைகளை இடம் மாற்றினாள். எழுபத்தெட்டும் தொண்ணூறும் நூற்றி அறுபத்தெட்டு. அவளுக்கு வருகிற தையில் அறுபத்திமூன்று. குலசிங்கத்துக்கு நெஞ்சில் குழாய் வைத்தாயிற்று. நூற்றி அறுபத்தெட்டு வருஷத்தை வைத்துக்கொண்டு இந்த வீடு என்ன செய்யும், அந்த மூலையில் பங்கஸ் எவ்வளவு தூரம் ஏறும், யார் யாரோ இந்தக் குளியலறைக்குள் போய்க் கை கழுவாமல் வருவார்கள். சரி, பிள்ளைக்குத்தானே. பிள்ளையின் பிள்ளைக்குத்தானே. நீட்டட்டும், நல்லாய் நீட்டட்டும். இவ்வளவுக்கும் அவள் மனது ஒத்துத்தான் இருந்தது. அருவருப்பு அருவருப்பாக ஒரு பக்கம் கிடக்க, தலை சரி சரி என்று ஆடிக்கொண்டுதான் இருந்தது.

"அப்ப அந்த இரண்டாவதில எங்கட சீவிய உரித்தையும் சேர்த்து எழுதியிருக்கிறியள்தானே, தம்பி?" என்று கேட்டாள். கேட்டபோதுகூட அவளுக்கு அது ஒரு கேள்வியாகத் தெரியவில்லை. சீதன வீடு எழுதினால் தாய் தகப்பன் சாகுமட்டும் அதில் இருக்கிற உரித்தையும் எழுதுவார்கள், எழுதாமல் ஊரில் எவரும் எழுதினதில்லை, அவளுடைய உறுதியிலும் அந்த வரி இருக்கிறது. உறுதி எழுதிய நொத்தாரிசு அதை உரக்க வாசித்தபோது குலசிங்கத்தின் ஆட்கள் ஒரு முணுமுணுப்புக் காட்டவில்லை. அவளுடைய அம்மா அந்த வீட்டில் அடுப்படிக்குப் பக்கத்து அறையில் படுத்து, யாருக்கும் நன்றி சொல்லாமல், மருமகனைக் கேட்டு ஒரு கதவையும் திறக்காமல் இருந்தாள். கனகேந்திரம் கோப்பையை வைத்தார். "அக்கா, உது ஊர் வழக்கம். இஞ்ச உது சரிவராது." ஏன் சரிவராதென்று கேட்டாள். "பிள்ளையள் இதை வித்துப்போட்டுத்தான் பின்னர் ஸ்ரேஷனடியில தனி வீடு எடுக்கவேணும். ஆக்கள் இருக்கிற ஃபிளாட்டை ஆர் வாங்குவான்? வெறும் வீடாய்க் குடுக்கவேணும்." வெறும் வீடாய். அவள் புருஷனைப் பார்த்தாள். அவர் ஆச்சரியப்படவில்லை. அந்த முகத்தில் ஆச்சரியத்தின் ஒரு கீறுகூட இல்லை என்பதை அவள் மெல்ல மெல்ல, சாப்பாட்டில் தலைமயிரை நாக்கு கண்டுபிடிக்கிற மாதிரிக் கண்டுபிடித்தாள். இந்த மனிசனுக்கு முன்பே தெரியும். இருவரும் போனில் கதைத்து முடித்துவிட்டார்கள். "இஞ்சேரும்" என்றார் குலசிங்கம், தரையைப் பார்த்துக்கொண்டு. "வயசு போனவைக்குக் கவுன்சிலில இடம் குடுக்கிறான். சின்ன அறை, ஆனா ஹீற்றிங் எல்லாம் நல்லதாம். நாங்கள் ரெண்டு பேரும் எங்கயும் இருப்பந்தானே."

எங்கேயும். ஓம், எங்கேயும் இருந்தவர்கள்தான். பாடசாலைக் கட்டிடத்தில் பாய்க்குப் பாய் முட்ட இருந்தோம், கொழும்பு லொட்ஜில் பத்துப் பேர் குளித்த வாளியில் குளித்தோம், இங்கே வந்த புதிதில் ஒரு சனத்தின் வீட்டு மாடியறையில், அவர்களுடைய அடுப்படியில் கறி தாளிக்க நேரம் கேட்டுக்கொண்டு இருந்தோம். கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்த மனிசி முடித்துவிட்டுப் போன எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பை மூட்டவேண்டும். அதெல்லாம் தப்பிப் பிழைக்க. இது எதற்கு? கவுன்சில் கட்டிடத்தை அவளுக்குத் தெரியும், பூங்கோதையக்கா இருக்கிறா அங்கே; நடைவழி முழுக்க மூத்திர மணமும் அதை மறைக்க அடித்த மருந்து மணமும், பொதுத் துணி கழுவும் மெசினுக்குள் ஆருடையதோ காலுறை, கதவைத் தட்டிவிட்டு விடை வரமுன்னமே திறக்கிற வெள்ளைக்காரப் பெண், "ஹலோ டார்லிங், உயிரோடதானே இருக்கிறீங்க?" பூங்கோதையக்கா சிரித்துக்கொண்டுதான் சொல்லுவா அதை. சிரித்துச் சிரித்தே அந்த மனிசிக்குப் பல்லு மட்டும் மிஞ்சிப்போனது. இந்த ஃபிளாட்டில் யோகராணிக்குச் சொந்தமாக என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கதவு. கதவைப் பூட்டிவிட்டு உள்ளே இருந்தால் தட்டுகிறவன் தட்டிவிட்டு நிற்கவேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் பங்கஸைத் தேய்த்தாள், முகமில்லாதவனுக்கு வாடகை கட்டினாள். எவ்வளவு லேசாக எடுத்துக் கொடுத்துவிட்டார் இந்த மனிசன், பக்கத்து வீட்டுக்குக் கறிவேப்பிலை கொடுக்கிற மாதிரி! தன் பேரோடு அவளுடைய பேரையும் சேர்த்துக் கிள்ளி! துப்பவேண்டும்போல இருந்தது. தன் வீட்டில், தன் நிலத்தில் துப்பமுடியாது என்பதால் விழுங்கினாள்.

"அக்கா யோசிக்கிறா" என்றார் கனகேந்திரம், அவள் அங்கே இல்லாத மாதிரி. "யோசிக்கட்டும். ஆனா வருஷம் போகப்போக லீஸ் கட்டையாகும், காசு கூடும். பிள்ளையளின்ர அலுவலும் பிந்தும். மண்டபம் எல்லாம் பார்த்தாச்சு." நிரோஷனின் முழங்காலைத் தட்டினார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிற கதைதான். அவன் இப்போதாவது ஒரு சொல் சொல்வானா என்று யோகராணி பார்த்தாள். மாமா, விடுங்கோ, அவை இருக்கட்டும். நாலே சொல். அவன் ஆரணியைப் பார்த்தான். எல்லாரும் ஆரணியைப் பார்த்தார்கள். யோகராணிக்குள் அப்போது ஒரு குளிர்ச்சி வந்தது, பிள்ளை சொல்லுவாள். இவள் என் பிள்ளை. கிருமி கிருமி என்று கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற பிள்ளை, வேலையால் வந்தால் உடுப்பு மாற்றாமல் கட்டிலில் இராதவள், இவளுக்குத் தெரியாதா அருவருப்பு என்றால் என்னவென்று? இந்த மனிசனின் கையையும் இவள் பார்த்திருப்பாள். அந்தத் தட்டிலிருந்து ஒன்றையும் இவள் எடுக்கவில்லை. சொல்லுவாள்.

"அம்மா" என்றாள் ஆரணி. குரலில் கோபமில்லை. மருந்துக் கடையில் நின்று, இந்த இருமல் எத்தனை நாளாய் இருக்குது என்று கேட்கிற அதே மெல்லிய, பொறுமையான குரல். "நீங்கள் இன்னும் எத்தனை வருஷம் இஞ்ச இருக்கப்போறியள்?"

யோகராணி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் சின்ன வயதில் மேசை முனை குத்திய தழும்பு, மூக்கு அவளுடைய அம்மாவின் மூக்கு, கண்ணில் ஒரு கள்ளமும் இல்லை; பிள்ளை உண்மையாகவே கேட்கிறாள், பதில் தெரிந்தால் அதற்கேற்ற மாதிரி ஏதாவது ஒழுங்கு செய்யலாம் என்று கேட்கிறாள். அருவருப்பு வந்தால் நல்லது என்று யோகராணி நினைத்தாள். காலையிலிருந்து எல்லாவற்றின் மேலும் வந்த அருவருப்பு, கைக்கும் காலுறைக்கும் புருஷனுடைய பல்லுக்கும் தன் வாய்க்கும் குறைவில்லாமல் வந்த அந்தப் பொருள், இப்போது கொஞ்சம் வந்தால் எழுந்து உள்ளே போய்விடலாம், போய்க் கதவைச் சாத்தலாம். வரவில்லை. நெஞ்சுதான் நொந்தது, வெறுமனே, அடிபட்ட இடம் நோகிற மாதிரி நொந்தது. நூற்றி அறுபத்தெட்டு வருஷத்துக்குள் தனக்கென்று எத்தனையைக் கேட்பது? பத்து என்று சொன்னால் பேராசையாகத் தெரியுமா? ஐந்து என்றால் பிந்திச் செத்தால் குற்றமாகுமா?

"தெரியாது, பிள்ளை" என்றாள் யோகராணி. "தெரியாதபடியாத்தான் அதை எழுதச் சொல்லுறன். சாகுமட்டும் எண்டு."

ஆரணி திரும்பிக் கனகேந்திரத்தைப் பார்த்தாள், முடியுமா என்று கேட்பதுபோல. அவர் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப என்ர கையெழுத்தும் இல்லை" என்றாள் யோகராணி. அந்த இரண்டு கடதாசிகளும் மேசையிலேயே கிடந்தன. ஆரணி எழுந்து, நிரோஷனின் ஜக்கெற்றை எடுத்து அவனிடம் கொடுத்துவிட்டுத் தன்னுடையதையும் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.